வளவெல்லாம் ஈரம்: டெரியர் குட்டியை வெளிக்குப் பழக்கும் வழிமுறை

எங்கள் வீட்டு முகப்பில் நின்று பார்த்தால் பின்வாசல் கதவு தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகள் பல இப்படித்தான்: ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய கூடமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி, அதற்கும் அப்பால் தோட்டம். இந்த நீளத்தில் எட்டு வார நாய்க்குட்டி ஒன்றை இறக்கிவிட்டு, அது தானாகத் தோட்டத்தைத் தேடிப் போய்விட்டு வரும் என்று நம்பியவன் நான். ஜாக் ரஸ்ஸல் டெரியர். வெள்ளை உடம்பு, வலக்கண்ணைச் சுற்றி ஒரு கறுப்புப் பொட்டு. அதனால் மிளகு என்று பெயர். வந்த அன்று பொழுது சாய்வதற்குள் ஐந்து இடத்தில் ஈரம். ஐந்து என்பது நாங்கள் கண்டுபிடித்த கணக்கு. ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலைக்கு நடுவே ஒரு கரண்டி மூத்திரம் கிடந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? மற்றதையெல்லாம் வெறுங்காலோடு நடந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

குட்டியிடம் கோளாறு இல்லை, வீடுதான் பெரிது என்பது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. தான் படுக்கும் இடத்தை அசுத்தப்படுத்த நாய்க்குப் பிடிக்காது. வெளிக்குப் பழக்கும் வித்தை முழுவதும் அந்த ஒரு குணத்தை நம்பித்தான் நிற்கிறது. ஆனால் 'படுக்கும் இடம்' என்பது குட்டியின் கணக்கில் அதன் சாக்கும் சுற்றி நாலடியும்தான். வளவின் மறுகோடி அதற்கு அடுத்த ஊர். அடுத்த ஊரில் போய் இருந்துவிட்டு வந்தால் என்ன தப்பு? கீழே வரும் வைத்தியங்களில் பாதி, வீட்டைச் சுருக்கும் வேலைதான். உங்கள் குட்டி எந்த மாதிரி படுத்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எங்கே, எப்போது என்று இல்லாமல் வீடெங்கும் போகிறது

பின்வாசலுக்குப் போகும் வழியிலேயே ஒரு மூலையைப் பிடியுங்கள். நாங்கள் இரண்டாம் கட்டுப் பத்தியின் (முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தின்) ஓர் ஓரத்தைப் பழைய ஜன்னல் கதவுகள் இரண்டைப் படுக்கவைத்து அடைத்தோம். ஆறடிக்கு நாலடி. உள்ளே ஒரு சாக்கு, ஒரு தண்ணீர்க் கிண்ணம், கடிக்க ஒரு கயிற்று முடிச்சு. இதற்கு மேல் இடம் கொடுத்தால் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு எதிர் மூலையைக் கழிப்பறையாக்கிவிடும்.

அடைப்புக்கு வெளியே குட்டி இருக்கும் நேரமெல்லாம் கயிற்றின் மறுமுனை ஒருவர் இடுப்பில் இருக்க வேண்டும். இது நாலு புள்ளிக்கு, அதாவது நாலு குடும்பத்துக்கு, பொதுவான வீடு. குட்டியை எல்லோரும் கொஞ்சினார்கள், எல்லோரும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. கயிறு வந்த பிறகுதான் தகராறு தீர்ந்தது. கயிறு யார் இடுப்பில் இருக்கிறதோ, ஈரத்துக்கும் அவர்தான் பொறுப்பு. யாராலும் முடியாத நேரத்தில் குட்டி அடைப்புக்குள்.

அடுத்தது நேரம். மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அது சும்மா படுத்திருக்கும்போது, அதுவும் உச்சவரம்பு. விழித்து ஆடிக்கொண்டிருக்கும் டெரியர் குட்டிக்கு அரைமணி, முக்கால்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரைமணிக்குள், விளையாட்டு முடிந்ததும், படுக்கப் போகும் முன் என்று இந்த நான்கும் தவறவே கூடாது. எழுந்ததும் நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். எங்கள் அடைப்பிலிருந்து பின்வாசலுக்கு அறுபது அடி இருக்கும். நடத்திப் போன நாட்களில் அந்த அறுபது அடிக்குள்ளேயே வேலை முடிந்துவிட்டது. கையில் இருக்கும் குட்டி பெரும்பாலும் அடக்கிக்கொள்ளும்.

தட்டில் எந்நேரமும் சாப்பாடு கிடந்தால் எந்நேரமும் வெளிக்கு வரும். நாலு மாதம் வரை ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை, ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் வையுங்கள். கால்மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுப்படியில் தொங்கும் நாட்காட்டியின் அன்றைய தாளில் நேரம் போட்டு, ஒன்றுக்குப் போனால் 'ஒ', இரண்டுக்குப் போனால் 'இ' என்று எழுதி வந்தோம். ஆறாம் நாள் தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. காலையில் தோட்டத்தில் 'ஒ' போட்டுவிட்டு உள்ளே வந்த பத்து நிமிடத்தில், தினமும், வளவில் ஒரு 'இ'. நாங்கள் ஒன்று முடிந்ததும் அவசரப்பட்டுத் தூக்கி வந்திருக்கிறோம். அதற்குக் கொஞ்சம் நடந்தால்தான் இரண்டாவது வரும். பத்து நிமிடம் கூடுதலாக நின்றோம், காலை 'இ' தோட்டத்துக்குப் போய்விட்டது. நான் கேட்ட அறிவுரைகள் எதையும்விட அந்த நாட்காட்டித் தாள்கள் அதிகம் சொல்லிக்கொடுத்தன.

அறிகுறிகளையும் பழகிக்கொள்ளுங்கள். விளையாட்டை நடுவில் விட்டுவிட்டு மூக்கைத் தரையில் ஒட்டிக்கொண்டு போவது, ஓரிடத்தைச் சுற்றுவது. மற்ற நாய்கள் இரண்டு சுற்றுச் சுற்றும். மிளகு அரைச் சுற்றுதான்.

தோட்டத்தில் அரைமணி நின்றாலும் ஒன்றுமில்லை. உள்ளே வந்ததும் போகிறது

டெரியர் வளர்ப்பவர்கள் எல்லோரிடமும் கேட்கும் புலம்பல் இது. லத்தீனில் 'டெர்ரா' என்றால் மண். மண்ணுக்குள் பதுங்கும் நரியையும் எலியையும் விரட்டிப் பிடிக்கவென்றே வளர்த்தெடுத்த இனம், பெயரும் அதிலிருந்தே வந்தது. அப்படிப்பட்டதை எலிவளையும் அணிலும் சருகுக்குள் ஓணானும் உள்ள செம்மண் தோட்டத்தில் விட்டுவிட்டு, மூத்திரம் போ என்றால் அதற்கு எப்படி ஞாபகம் வரும்? பனம்பழக் கொட்டையைக் கண்டால் கூட மிளகுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். உள்ளே வந்து வேடிக்கை ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் வயிறு முட்டுவது தெரிகிறது.

தோட்டத்தை அதற்குச் சலிப்பூட்டும் இடமாக்குங்கள். ஒரே மூலை, எங்களுக்கு அது கிணற்றுக்கு மேற்கே, வேப்பமரத்தடி. ஆறடிக் கயிறு. நீங்கள் மரம் போல நிற்க வேண்டும், பேசக்கூடாது, செல்போனும் பார்க்கக்கூடாது. செல்போன் பார்த்த நாட்களில் குட்டி போனதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. கயிறு எட்டும் வட்டத்துக்குள் அது மோந்து தீர்க்கட்டும். ஐந்து, ஏழு நிமிடத்தில் நடக்கவில்லையென்றால் உள்ளே கொண்டுவந்து நேராக அடைப்பில் விடுங்கள், அல்லது மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து அதே மூலை. தேவைப்பட்டால் மூன்றாம் முறையும். உள்ளே வந்து அவிழ்த்துவிடும் ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் கெடுகிறது.

காரியம் முடிந்த நொடியில், அந்த இடத்திலேயே, ஒரு துணுக்கு வேகவைத்த கோழியைக் கொடுங்கள். உப்பு, மசாலா இல்லாமல். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலி என்றுதான் அது எண்ணிக்கொள்ளும். துணுக்கு உங்கள் பையில் இருக்க வேண்டும். அதன் பிறகு கயிற்றை நீட்டி அணில் விரட்ட விடுங்கள். விளையாட்டு முதலில் அல்ல, பிறகு. வேலை முடிந்ததும் உடனே உள்ளே தூக்கிப் போனால் புத்திசாலிக் குட்டி அடக்கி வைத்துக்கொள்ளும். போய்விட்டால் ஆட்டம் முடிந்தது என்பதை இந்த இனம் இரண்டே நாளில் கற்றுக்கொண்டுவிடும்.

அது போகத் தொடங்கும்போது ஒரு சொல்லைச் சொல்லி வந்தால் பிறகு அந்தச் சொல்லே வேலை செய்யும். எந்தச் சொல்லானாலும் சரி, வீடு முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். பெரியப்பச்சி (பெரியப்பா) "கமான்" என்றார், என் மனைவி "சீக்கிரம்" என்றாள், அப்பத்தா "இருந்துவிட்டு வா கண்ணு" என்று முழு வாக்கியமே சொன்னார்கள். குட்டி மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓணானைத் துரத்தப் போய்விட்டது. கடைசியில் "சீக்கிரம்" வென்றது.

தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவுக்கோ ஊருணிக் கரைக்கோ இதற்காகக் கூட்டிப் போகாதீர்கள். குட்டிகளை ரத்தக் கழிச்சலில் கொல்லும் பார்வோ கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். தெருநாய் நுழையாத சொந்தத் தோட்டம் போதும். முன்பு அந்தத் தோட்டத்தில் நாய் ஏதும் வயிற்றுப்போக்கில் இறந்திருந்தால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் சொல்லி யோசனை கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டம் வேண்டாம், முற்றம்தான் வேண்டும் என்கிறது

இதில் நான் குட்டியின் கட்சி. நடுவில் வானம் தெரிகிறது, காற்று வருகிறது, காக்கை இறங்குகிறது, மழை நேராக விழுகிறது, ஓரத்தில் தண்ணீர் போகத் தூம்பு இருக்கிறது. வெளியே என்பதற்கு வேறு என்ன இலக்கணம்? "உன் நாய்க்கு எல்லாம் தெரிகிறது தம்பி, வீடு கட்டியவர்களுக்குத்தான் தெரியவில்லை" என்று அப்பத்தா சொன்னார்கள். ஆனாலும் மோர்மிளகாயும் வற்றலும் காயும் முற்றத்தை நாயோடு பங்கு போட அவர்கள் சம்மதிக்கவில்லை. மற்ற மூன்று புள்ளிகளும் சம்மதிக்கவில்லை.

சம்மதித்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். கழிக்கும் இடத்தைக் குட்டி கண்ணைவிடப் பாதத்தால்தான் அதிகம் அடையாளம் வைக்கிறது. தாயிடம் இருக்கும் வாரங்களிலேயே, காலுக்கு அடியில் எது இருந்ததோ அதுதான் சரியான தரை என்று பதிந்துபோகிறது. முற்றத்துக் கருங்கல்லும் பத்தியின் பூக்கல்லும் பாதத்துக்கு ஒன்றுதான். இரண்டும் வழவழப்பு, இரண்டும் குளிர்ச்சி. முற்றத்தை அனுமதித்தால் வளவு முழுவதையும் அனுமதித்தது போல. வாங்கிய இடத்தில் குட்டிகளை எந்தத் தரையில் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். மிளகு சிமெண்டுத் தரையில் செய்தித்தாள் விரித்து வளர்ந்தது. அது எங்களுக்குத் தெரியவந்த விதம்: அப்பச்சி ஊஞ்சலில் உட்கார்ந்து படித்துவிட்டுக் கீழே வைத்த ஞாயிற்றுக்கிழமைத் தாளின் மேல் ஏறி, நிதானமாக இருந்துவிட்டு இறங்கியது.

மாற்றும் வழி இது. அகலமான, விளிம்பு தாழ்ந்த பழைய தகரத் தட்டு ஒன்றில் தோட்டத்துச் செம்மண்ணை இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். குட்டியின் மூத்திரத்தைத் துடைத்த துணியை அதில் ஒருமுறை அழுத்தி எடுங்கள். தட்டை முற்றத்தில் அது வழக்கமாகப் போகும் இடத்திலேயே வைத்து, நேரம் பார்த்துக் குட்டியைத் தூக்கி அதன் மேல் விடுங்கள். தாளில் வளர்ந்த குட்டியென்றால் முதல் நாள் மண்ணின் மேல் ஒரு தாள், மறுநாள் பாதித் தாள், பிறகு மண் மட்டும். இரண்டு நாள் பழகியதும் தட்டை நாளுக்கு ஐந்தாறு அடி பின்வாசல் பக்கம் நகர்த்துங்கள். ஒரு நாள் தவறினால் தட்டு முந்தின நாள் இடத்துக்குத் திரும்ப வேண்டும், குட்டியோடு வாதாடக்கூடாது. வாசற்படிக்கு வெளியே தட்டு போனதும் தோட்டத்து மூலையில் மண்ணைக் கவிழ்த்துவிடலாம். எங்களுக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. நடுவில் தட்டு அடுப்படி வாசலில் இருந்த இரண்டு நாட்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

கழுவிய இடத்திலேயே மறுபடியும் மறுபடியும் போகிறது

உங்கள் மூக்குக்குப் போன வாசனை அதன் மூக்குக்குப் போகவில்லை என்று அர்த்தம். பினாயில் வாசனையை மூடத்தான் செய்யும், எடுக்காது. குட்டி நக்கினால் கெடுதலும்கூட. அம்மோனியா கலந்த திரவம் இன்னும் மோசம். மூத்திரம் காய்ந்து சிதையும்போது வரும் நெடியும் அம்மோனியாதான், அந்த இடத்துக்கு நாமே விலாசம் எழுதிக் கொடுத்ததாக ஆகும். ஈரத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவினால் மூச்சை எரிக்கும் வாயு கிளம்பும்.

வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடை என்று எங்கு கேட்டாலும் சொல்வார்கள். பீங்கான் டைல்ஸ் போட்ட வீட்டுக்கு அது பொருந்தலாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. மேலே வேறு காப்புப் பூச்சு கிடையாது. அதனால் மூத்திரத்தையும் உறிஞ்சும், அமிலம் பட்டாலும் அரிக்கும். வினிகர், எலுமிச்சை, புளி, கழிப்பறை ஆசிட் எதுவும் ஆகாது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், வளவில் மூன்றாவது தேக்குத் தூணுக்குக் கீழே, சிவப்புப் பூவின் ஓர் இதழ் உள்ளங்கை அளவுக்கு வெளுத்துக் கிடக்கிறது. வினிகரைத் தெளித்துக் கால்மணி ஊறவிட்டது நான்தான். கிட்டத்தில் குனிந்து பார்த்தால் அந்த இதழில் மட்டும் பளபளப்பு செத்து, சொரசொரப்பாக, சுண்ணாம்பு பூசிக் கழுவியது போல இருக்கும். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அப்பத்தா முதலில் காட்டுவது தூணை அல்ல, அந்த இதழைத்தான்.

சரியான முறை: பழைய பருத்தி வேட்டித் துணியை நாலாக மடித்து ஈரத்தின் மேல் போட்டு, அதன் மேல் ஏறி நில்லுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் பரவி, கல் இடுக்கில் இறங்கும். துணியை மாற்றி மறுபடி அழுத்துங்கள். கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டு மீண்டும் ஒற்றி எடுங்கள். பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், மூத்திர நெடியைச் சிதைத்து எடுக்கும் என்சைம் திரவம். அமிலம் கலக்காதது தானா என்று பார்த்து வாங்கி, முதலில் கதவுக்குப் பின்னால் ஒரு கல்லில் சோதித்துவிட்டு, கறை இருந்த வட்டத்தைவிட ஒரு சாண் அகலமாக ஊற்றி, போத்தலில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாகவே விட்டுவிடுங்கள். உடனே துடைத்தால் காசு வீண். அது கையில் இல்லாத நாளில் மென்மையான சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி, சில மணி நேரம் கழித்துப் பெருக்குங்கள். முழு வேலை செய்யாது, கல்லையும் கெடுக்காது.

தெரியாமல் கிடக்கும் பழைய இடங்களைக் கண்டுபிடிக்க இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து, குப்புறப் படுத்துப் பாருங்கள். காய்ந்த மூத்திரம் மங்கிய வட்டமாகத் தெரியும். எங்கள் வளவில் அன்று ஒன்பது வட்டம். ஒன்பதும் ஒரே பத்தியில், ஒரே வரிசையில். அது தாறுமாறாகப் போகவில்லை, நாங்கள்தான் தாறுமாறாகத் துடைத்திருந்தோம்.

நம் கண்ணெதிரே போவதில்லை. அறைக்குள், பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்து போகிறது

யாரோ அடித்திருக்கிறார்கள், அல்லது மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்திருக்கிறார்கள். "அப்படித் தேய்த்தால்தான் நாய்க்கு உறைக்கும்" என்று சொல்லாத பெரியவர் எங்கள் ஊரில் இல்லை. குட்டிக்கு உறைத்தது வேறு: வீட்டுக்குள் போகக்கூடாது என்பதல்ல, இந்த ஆளின் முன்னால் போகக்கூடாது என்பது. அதனால் தோட்டத்திலும் உங்கள் முன்னால் போகாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அதே ஆள்தானே. காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி நிற்கிறதே, தப்பு தெரிந்துதானே என்பார்கள். தப்பு தெரிந்து அல்ல, உங்கள் முகம் தெரிந்து.

போய்க்கொண்டிருக்கும்போதே கண்டால் மெல்லக் கைதட்டி, "வா வா" என்று தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மீதியை வெளியே முடித்தால் கோழித் துணுக்கு. முடித்த பிறகு கண்டால் துணியை எடுங்கள், வாயைத் திறக்காதீர்கள். அறைக் கதவுகளைச் சாத்தி வையுங்கள். பயந்த குட்டிக்குக் கயிற்றை நீளமாக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் சில நாளில் மறுபடி நம்பத் தொடங்கும்.

ஆள் வந்தால் அங்கேயே சொட்டுகிறது

இது பழக்கக் குறைவு அல்ல. ஆனந்தத்திலும் அச்சத்திலும் தானாக வருவது, அதற்கே தெரியாது. திட்டினால் கூடும். வருகிறவர்களிடம் சொல்லிவையுங்கள்: மேலே கவியாமல், தலையைத் தடவாமல், திண்ணையில் உட்கார்ந்து, அது அடங்கும் வரை கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். வளர வளரப் பெரும்பாலும் தானே போய்விடும். அதுவரை விருந்தாளியைத் தெருவாசலில் வைத்தே சந்திக்க விடுங்கள்.

இரவில் அடக்குவதில்லை

அடைப்பை இரவுக்கு மட்டும் உங்கள் கட்டிலருகே ஒரு கூண்டாகச் சுருக்குங்கள். திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். ஓலைக் கொட்டானிலும் கூடையிலும் படுக்கவைக்க ஆசைப்படாதீர்கள், விடிவதற்குள் அதைத் தின்றிருக்கும். இரண்டு மாதத்தில் இரவு ஒன்றிரண்டு முறை எழத்தான் வேண்டும். அது முனகிய பிறகு எழுவதைவிட, அலாரம் வைத்து முன்னதாக எழுந்து, விளக்குப் போடாமல், பேசாமல் தூக்கிப் போய்விட்டு வாருங்கள். கொஞ்சினால் நாளை அதே நேரத்துக்குக் கொஞ்சலுக்காக எழுப்பும். நாலு மாத வாக்கில் பல குட்டிகள் இரவு முழுவதும் தாங்கும். டெரியர் போன்ற சிறு இனங்கள் முழுதும் நம்பத்தக்கவையாக மாற ஒரு வருடம்கூட ஆகலாம். தண்ணீர்க் கிண்ணத்தைப் படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே எடுத்துவைக்கலாம். சித்திரை, வைகாசியில் அதையும் செய்யாதீர்கள். கூடுதலாக ஒருமுறை எழுந்துகொள்ளுங்கள்.

காலையில் நேரே முகப்பைத் திறக்காதீர்கள். ஒரு நாள் சோம்பலில் முன்வாசல் வழியாக விட்டேன். தண்ணீர் தெளித்து, அப்போதுதான் போட்டு முடித்த புள்ளிக் கோலத்தின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. போட்டவர் பக்கத்துப் புள்ளி வீட்டு ஆச்சி. நான் கோலம் போடக் கற்றுக்கொண்டது அன்றுதான்.

மழை பெய்தால், வெயில் அடித்தால் வெளியே கால் வைக்க மறுக்கிறது

ஐப்பசி, கார்த்திகையில் மிளகு வாசற்படியில் நின்று மழையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும், ஏதோ நான் பெய்யவைத்தது போல. தோட்டத்தில் தாழ்வாரத்தையொட்டி ஒரு தகரத்தைச் சாய்த்து, அடியில் அதே செம்மண்ணைக் கொட்டி வையுங்கள். நீங்களும் குடையோடு கூட நிற்க வேண்டும், தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினால் கதவடியிலேயே போய்விடும்.

கோடையில் மறுப்பது வேறு காரணம். நண்பகலில் புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லையென்றால் அதன் பாதத்தாலும் முடியாது. நிழல் விழும் மூலையை முதலிலேயே தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்.

சொட்டுச் சொட்டாகப் பலமுறை, அல்லது கழிச்சல்

இங்கே பழக்குவதை நிறுத்துங்கள். முக்கி முக்கிக் கொஞ்சம் போவது, கத்துவது, ரத்தம் கலப்பது, திடீரென்று தண்ணீரை மொண்டு மொண்டு குடிப்பது எல்லாம் மருத்துவர் வேலை. மூத்திரப்பைத் தொற்று உள்ள குட்டியை எந்தக் கயிறும் பழக்காது. கழிச்சல் என்றால் முதலில் பூச்சியை நினையுங்கள். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்வார். அடுத்து, வீட்டில் யார் எதைக் கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எதுவும் இல்லை, இரண்டும் நாய்க்கு நஞ்சு. பந்திக்குப் பின் இலையிலிருந்து எலும்பு எடுத்துப் போடும் அன்பான கைகளை எப்படித் தடுப்பது என்பதற்கு என்னிடம் மருந்து இல்லை. வாந்தியும் ரத்தக் கழிச்சலும் சோர்வும் சேர்ந்து வந்தால், தடுப்பூசி பாதியில் இருக்கும் குட்டிக்கு, மறுநாள் என்ற பேச்சே வேண்டாம். அந்த மணி நேரமே வண்டியை எடுங்கள்.

நன்றாகப் பழகி, திடீரென்று கெட்டுப்போனது

என்ன மாறியது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) வந்தது. சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்கினார்கள், பூட்டிக் கிடந்த அறைகள் திறந்தன, பின்வாசலில் அண்டாக்கள் அடுக்கப்பட்டுக் குட்டியின் வழி அடைபட்டது, கயிறு யார் இடுப்பிலும் இல்லை. நாலு மாதப் பழக்கம் மூன்று நாளில் போனது. விருந்தினர் போன மறுநாள், முதல் நாள் வந்த குட்டியாக எண்ணி அடைப்பு, கயிறு, நாட்காட்டி எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினோம். ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

ஆறேழு மாதத்து ஆண் குட்டி, கொஞ்சம் கொஞ்சமாக, நட்டுக்குத்தலான இடங்களில் காலைத் தூக்குகிறதென்றால் அது அடக்க முடியாமை அல்ல, எல்லைக்கல் நடுவது. வரிசையாகத் தூண் இருக்கும் வளவைவிட அதற்கு வேறென்ன வசதி? பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. தூணடியை என்சைம் திரவத்தால் சுத்தம் செய்து, கயிறு இல்லாமல் அந்தப் பக்கமே விடாமல், கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பழக்கம் ஊறுவதற்கு முன்னால் பேசுவது நல்லது. பெண் குட்டி பருவத்துக்கு வரும் சமயத்திலும் அடிக்கடி போகும், அது தற்காலிகம்.

மணி அடிக்கிறது, வெளியே போனால் ஒன்றும் போவதில்லை

இது பழக்கத்தின் கடைசிக் கோளாறு, கிட்டத்தட்ட நல்ல சேதி. பின்வாசல் கதவில் குட்டியின் மூக்கு உயரத்துக்கு ஒரு சின்ன மணியைக் கட்டி, ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் அதன் மூக்கால் தட்டவைத்தால் சில வாரத்தில் தானே வந்து தட்டும். மிளகு ஒன்பது நாளில் கற்றுக்கொண்டது. பத்தாம் நாள், மணி அடித்தால் கதவு திறக்கும், கதவு திறந்தால் அணில் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டது. பிற்பகல் தூக்கத்தில் இருபது முறை மணி. நாலாம் புள்ளிப் பெரியப்பச்சி, கோவில் நடை திறந்துவிட்டதா என்று கேட்டார்.

மணியைக் கழற்றாதீர்கள், அடித்தும் நீங்கள் வராமல் இருந்தால் உண்மையாக அடிக்கும் நாளில் தரை நனையும். ஒவ்வொரு மணிக்கும் எழுந்து போங்கள், ஆனால் கயிற்றோடு, அந்த வேப்பமரத்தடிக்கு மட்டும். மரம் போல ஐந்து நிமிடம் நில்லுங்கள். போனால் துணுக்கும் அணிலும். போகவில்லையென்றால் ஒரு சொல் பேசாமல் திரும்பி உள்ளே. எங்களுக்கு இது இன்னும் முழுதாகத் தீரவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை அடித்துவிட்டது. முதல் முறை மெய், இரண்டாவது அணில்.